சிக்கனும் பீரும் குற்றவாளிகளா? ரெட் சாக்ஸ் அணியின் 2012

கேள்வி இதுதான்: 2004, 2007 என மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு முறை உலகத் தொடரை, அதாவது அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதிக் கோப்பையை, வென்ற பாஸ்டன் ரெட் சாக்ஸ், 2012-இல் 93 ஆட்டங்களில் தோற்றுத் தன் பிரிவில் கடைசி இடத்துக்குப் போனது எப்படி? ஆட்டம் நடக்கும்போதே வீரர்கள் உள்ளே உட்கார்ந்து வறுத்த கோழியும் பீருமாக இருந்தார்கள், ஒழுங்கு கெட்டதால் அணி கெட்டது என்கிறார்களே, அது உண்மையா?

கோழி தின்றது உண்மை. ஆனால் தின்றது 2011-இல். தோற்றது 2012-இல். இந்த ஓராண்டு வித்தியாசத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். என் பதில் முழுவதும் அதைச் சுற்றித்தான் வரும். 2012-இல் அந்த அணியின் ஓய்வறையில் பீருக்கே தடை இருந்தது. அந்த ஆண்டுதான் 93 தோல்வி.

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்காக இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ தொடங்கி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறக்குறைய தினமும் ஆட்டம். இரண்டு வாரத் தோல்வி யாருக்கும் வரும், ஆனால் ஆறு மாதம் ஆடியபின் நிற்கும் இடம் பெரும்பாலும் பொய் சொல்லாது. அடுத்தது, ‘மேனேஜர்’ என்பவர் அலுவலக மேலாளர் அல்ல. கிரிக்கெட்டில் பயிற்சியாளரும் கேப்டனும் பிரித்துச் செய்கிற வேலை இங்கே பெரும்பாலும் அவர் ஒருவர் கையில்தான். யார் ஆடுவது, எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்து வீசும் பிட்சரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. வீரர்களை வாங்குவது, விற்பது, ஒப்பந்தம் போடுவது பொது மேலாளரின் வேலை. அவர்கள் இருவருக்கும் மேலே உரிமையாளர்கள். 2012-இன் கதை இந்த மூன்று மாடிகளுக்கும் நடுவே நடந்த கதை.

2011 செப்டம்பரிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மாதம் 3ஆம் தேதி, பிளே-ஆஃப் சுற்றுக்கான கடைசி இடத்துக்கான போட்டியில் ரெட் சாக்ஸ் டாம்பா பே அணியைவிட 9 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. மாதம் முடியும்போது அந்த மாதக் கணக்கு 7 வெற்றி, 20 தோல்வி. கடைசி நாளான செப்டம்பர் 28 அன்று பால்டிமோரில் 9ஆவது இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமன் ஆனால் இன்னும் நீளும்) 3-2 என்று முன்னிலை. இரண்டு பேர் அவுட், இன்னும் ஓர் அவுட் எடுத்தால் வெற்றி, தளங்களில் ஒருவரும் இல்லை. பந்து வீசுவது ஜொனாதன் பாபெல்பன், அணியின் நம்பிக்கைக்குரிய குளோசர், அதாவது ஆட்டத்தை முடித்து வைப்பதற்கென்றே வைத்திருக்கும் பிட்சர். கிறிஸ் டேவிஸ் இரண்டு தளம் ஓடும்படி ஓர் அடி அடித்தார். அடுத்து வந்த நோலன் ரெய்மோல்டும் அப்படியே அடித்துச் சமன் செய்தார். பிறகு ராபர்ட் ஆண்டினோ அடித்த பந்து இடப்புறம் தாழ்ந்து போனது. கார்ல் கிராஃபோர்டு ஓடி வந்து சறுக்கிப் பிடிக்கப் பார்த்தார், பந்து கையில் நிற்கவில்லை. 4-3 தோல்வி. சில நிமிடங்களில் வேறோர் ஊரில், நியூயார்க் யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கியிருந்த டாம்பா பே, 12ஆவது இன்னிங்ஸில் இவான் லாங்கோரியாவின் ஹோம் ரன்னால் (நம் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி) 8-7 என்று வென்றது. ரெட் சாக்ஸ் வெளியே.

பந்தைத் தவறவிட்ட கிராஃபோர்டின் ஒப்பந்தம் 7 ஆண்டுக்கு 14.2 கோடி டாலர். அந்தச் சறுக்கலைப் பாஸ்டன்காரர்கள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது எனக்கே போதும் போதும் என்று ஆகிவிட்டது.

அக்டோபரில் பாஸ்டன் குளோப் நாளிதழ் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. ஜோஷ் பெக்கெட், ஜான் லெஸ்டர், ஜான் லாக்கி ஆகிய மூன்று பிட்சர்களும், தாங்கள் பந்து வீசாத நாட்களில், சக வீரர்கள் வெளியே ஆடிக்கொண்டிருக்கும்போது ஓய்வறையில் உட்கார்ந்து வறுத்த கோழி தின்று, பீர் குடித்து, வீடியோ கேம் ஆடினார்கள் என்பது அதன் சாரம். அதற்குள் மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா வெளியேறியிருந்தார். 2004, 2007 இரண்டு கோப்பைகளையும் வென்று கொடுத்தவர் அவர்தான். விலகினார் என்றும் சொல்லலாம், விலக்கப்பட்டார் என்றும் சொல்லலாம். பொது மேலாளர் தியோ எப்ஸ்டீனும் சிகாகோ கப்ஸ் அணிக்குப் போய்விட்டார்.

தவறான நோய்க்கணிப்பு இந்த இடத்தில்தான் நடந்தது. ஊரெல்லாம் கோழியைப் பற்றியே பேசியது. உரிமையாளர்களும் அதையே நம்பினார்கள். ‘அணி சரியாகத்தான் இருக்கிறது, கண்டிப்புதான் இல்லை, ஃபிராங்கோனா பையன்களுக்கு அதிகம் இடம் கொடுத்துவிட்டார்’ என்பது அவர்கள் முடிவு. ஆனால் அந்த செப்டம்பரில் அணியின் தொடக்க பிட்சர்கள், அதாவது ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்கி வைப்பவர்கள், 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன் 7.08. நல்ல பிட்சருக்கு இது 3 அல்லது 4-க்குள் இருக்க வேண்டும். லாக்கிக்கு முழங்கைத் தசைநார் போயிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 2012 முழுவதும் அவர் ஆடவே இல்லை. ஜப்பானிலிருந்து அவருடைய பழைய அணிக்கு மட்டுமே 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்துக் கொண்டுவந்த டைசுகே மட்சுசாகாவும் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். அணிக்குப் பிட்சர்கள் தேவைப்பட்டார்கள். உரிமையாளர்கள் போய்த் தேடியது ஒரு ஹெட்மாஸ்டரை.

அவர் பாபி வாலன்டைன். புதிய பொது மேலாளர் பென் செரிங்டன் வேறோர் ஆளை மனதில் வைத்திருந்தார், டேல் ஸ்வீம் என்பவரை. மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஸ்வீம் கப்ஸுக்குப் போனார். வாலன்டைன் சாதாரண ஆள் இல்லை. நியூயார்க் மெட்ஸ் அணியை 2000-இல் உலகத் தொடர் வரை கொண்டுபோனவர். ஜப்பானில் சிபா லாட்டே மரீன்ஸ் அணிக்கு 2005-இல் ஜப்பான் தொடரை வென்று கொடுத்து, அங்கே கிட்டத்தட்ட தெய்வமாகவே ஆகிவிட்டவர். மெட்ஸில் இருந்தபோது ஒரு நாள் நடுவர் வெளியேற்றியதும், கறுப்புக் கண்ணாடியும் ஒட்டு மீசையுமாகத் திரும்பி வந்து நின்றவரும் இவர்தான். புத்தி கூர்மை, ஆனால் வாய் சும்மா இருக்காது. 2002-க்குப் பிறகு அமெரிக்காவில் எந்த அணிக்கும் மேனேஜராக இருந்ததில்லை. வந்ததும் முதல் வேலையாகப் பயிற்சி முகாமிலேயே ஓய்வறையில் மதுவுக்குத் தடை போட்டார். செய்தித்தாள்கள் கைதட்டின.

அந்தக் குளிர்காலத்தில் பிட்சிங் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். பாபெல்பன் 4 ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலடெல்பியாவுக்குப் போனார். அவர் இடத்துக்கு ஓக்லண்டிலிருந்து ஆண்ட்ரூ பெய்லியைக் கொண்டுவந்தார்கள். பருவம் தொடங்கும் முன்பே பெய்லிக்குக் கட்டைவிரலில் அறுவைச் சிகிச்சை. அவருக்கு மாற்றாகக் கொடுத்த ஜோஷ் ரெடிக், ஓக்லண்டில் அதே ஆண்டு 32 ஹோம் ரன் அடித்தார், சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதும் வாங்கினார்.

இதைவிட எனக்கு மனம் பொறுக்காதது டேனியல் பார்டின் கதை. மணிக்கு 100 மைலைத் தொடும் வேகம், எட்டாவது இன்னிங்ஸில் வந்து ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசிப் போகும் ஆள். அந்த வேலையில் மூன்றாண்டு கொடிகட்டிப் பறந்தவர். தொடக்க பிட்சர் பஞ்சம் என்பதால் அவரைத் தொடக்க பிட்சராக மாற்றினார்கள். ஒரு இன்னிங்ஸை முழு மூச்சில் வீசுவது ஒரு கலை, ஆறு இன்னிங்ஸை மூச்சைப் பங்கிட்டு வீசுவது வேறொரு கலை. வேகம் குறைந்தது, குறி தப்பியது. ஜூன் 3 அன்று டொரண்டோவில் இரண்டு இன்னிங்ஸ்கூட முடிக்கவில்லை. அதற்குள் ஆறு பேருக்கு அடிக்கவே முடியாத பந்துகளாக வீசி இலவசமாக முதல் தளம் கொடுத்தார், இருவர் உடம்பில் பந்தை எறிந்தார். பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. அடுத்த இரண்டே நாளில் கீழ் நிலை அணிக்கு அனுப்பினார்கள். அந்தக் குறி அவருக்கு அதன்பின் ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. 2013-க்குப் பிறகு அவரை மீண்டும் மேல்நிலை லீக்கில் பார்த்தது 2020-இல், கொலராடோ அணியின் சீருடையில்.

இனி ஏப்ரல். அந்த ஆண்டு ஃபென்வே பார்க் மைதானத்துக்கு நூறு வயது. 1912 ஏப்ரல் 20 அன்று, டைட்டானிக் மூழ்கிய அதே வாரத்தில், திறந்த மைதானம். சரியாக நூறாண்டு கழித்து 2012 ஏப்ரல் 20 அன்று, 1912-இன் சீருடை போலவே முதுகில் எண் இல்லாத உடையில், அன்று எதிர்த்து ஆடிய அதே நியூயார்க்கை எதிர்த்து ஆடினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பழைய வீரர்கள் ஒவ்வொருவராகக் களத்துக்குள் நடந்து வந்தார்கள். தொண்ணூறைத் தாண்டிய ஜானி பெஸ்கியையும் பாபி டோரையும் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். ஃபிராங்கோனா உள்ளே வந்தபோது எழுந்த ஆரவாரம் இருக்கிறதே, பக்கத்தில் இருந்த புதிய மேனேஜரின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். ஆட்டத்தில் யாங்கீஸ் ஐந்து ஹோம் ரன் அடித்து 6-2 என்று வென்றது.

மறுநாள் அதைவிட மோசம். ஐந்து இன்னிங்ஸ் முடிவில் ரெட் சாக்ஸ் 9-0 முன்னிலை. சனிக்கிழமை பிற்பகல், யாரும் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆறாவதில் ஒரு ரன் போனது. ஏழாவதில் ஏழு. எட்டாவதில் இன்னும் ஏழு. வாலன்டைன் ஒரு பிட்சரை மாற்றி அடுத்தவரைக் கொண்டுவருவார், அவர் அடி வாங்குவார், அடுத்தவர் வருவார், அவரும் அடி வாங்குவார். கடைசியில் 15-9 தோல்வி. மைதானமே வாலன்டைனைப் பார்த்து ஊளையிட்டது. இதுதான் அடிமட்டம் என்று நினைக்கிறேன் என்கிற பாணியில் அவர் ஆட்டத்துக்குப் பின் பேசினார். 14 ஆட்டங்களில் 4 வெற்றி. அடிமட்டத்துக்கு இன்னும் ஐந்து மாத தூரம் இருந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், கெவின் யூக்கிலிஸுக்கு உடலளவிலும் மனதளவிலும் முன்போல ஆட்டத்தில் ஈடுபாடு இல்லை என்று தோன்றுகிறது என்றார். யூக்கிலிஸ் இரண்டு கோப்பைகளையும் பார்த்த பழைய ஆள். அவுட்டானால் ஹெல்மெட்டை வீசி எறியும் அளவுக்கு ஆட்டத்தில் வெறி கொண்டவர். அவருக்கு ஈடுபாடு இல்லை என்றால் பாஸ்டனில் யார் நம்புவார்கள்? சக வீரர் டஸ்டின் பெட்ரோயா நேரடியாகவே, இங்கே நாங்கள் காரியம் செய்கிற விதம் இதுவல்ல என்று செய்தியாளர்களிடம் சொன்னார். வாலன்டைன் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஏப்ரல் பாதியிலேயே ஓய்வறை அவர் கையை விட்டுப் போயிருந்தது. ஜூன் 24 அன்று யூக்கிலிஸைச் சிகாகோ வைட் சாக்ஸுக்கு விற்றார்கள். அன்று அவர் ஃபென்வேயில் மூன்று தளம் ஓடும் ஓர் அடி அடித்தார். மாற்று ஓட்டக்காரரை அனுப்பி அவரை வெளியே அழைத்தார்கள். மொத்த மைதானமும் எழுந்து நின்றது. அணி உட்காரும் இடத்தின் படியில் பெட்ரோயா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் பாஸ்டன் முழு மனதோடு கைதட்டிய நாட்கள் மிகச் சில, அவற்றில் இது ஒன்று.

மே 6 ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. பால்டிமோருடன் 17 இன்னிங்ஸ். பால்டிமோரிடம் பிட்சர்கள் தீர்ந்துவிட்டார்கள். வழக்கமாக மட்டை மட்டுமே பிடிக்கும் ஒருவரைப் பந்து வீச அனுப்பினார்கள். அன்று எட்டு முறை மட்டை பிடித்து எட்டு முறையும் ஒன்றுமில்லாமல் திரும்பியவர் அவர். இரண்டு இன்னிங்ஸ் வீசினார், ரெட் சாக்ஸால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. வெற்றி பெற்ற பிட்சர் என்று பதிவேட்டில் அவர் பெயரே ஏறியது. பெயர் கிறிஸ் டேவிஸ். ஆமாம், முந்தைய செப்டம்பரின் கடைசி இரவில் பாபெல்பனுக்கு எதிராக அந்தச் சரிவைத் தொடங்கி வைத்த அதே டேவிஸ்தான். ரெட் சாக்ஸும் பதிலுக்கு டார்னல் மெக்டொனால்டு என்ற களத்தடுப்பாளரைப் பந்து வீச அனுப்பியது, அவர் மூன்று ரன் ஹோம் ரன் கொடுத்து 9-6 என்று தோற்றார்.

சில நாட்களில் பெக்கெட் விவகாரம். முதுகுப் பக்கத் தசைவலி என்று ஓர் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டவர், அந்த இடைவெளியில் கோல்ஃப் ஆடியது வெளியே வந்துவிட்டது. மே 10 அன்று கிளீவ்லேண்டுக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ்கூடத் தாக்குப் பிடிக்காமல் ஏழு ரன் கொடுத்துப் போனார். கோல்ஃப் பற்றிக் கேட்டதற்கு, ஆண்டுக்குப் பதினெட்டு நாள்தான் எங்களுக்கு விடுமுறை, அதில் கொஞ்ச நேரம் எங்களுக்கென்று வேண்டாமா என்றார். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர் சொல்கிற பேச்சா இது என்று ஊர் கொதித்தது. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள்: 2011-இல் இதே பெக்கெட் 9 இன்னிங்ஸுக்கு 2.89 ரன்தான் கொடுத்தார். அப்போதும் அவருடைய குணம் இதேதான். கோழி தின்ற ஆண்டில் நன்றாகவே வீசினார், தடை வந்த ஆண்டில் தேறவில்லை. இதிலிருந்து கோழி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

காயங்கள் வேறு. 2011-இல் 32 ஹோம் ரன் அடித்து, லீக்கின் மதிப்புமிக்க வீரர் தேர்வில் இரண்டாம் இடம் வந்த ஜேகபி எல்ஸ்பரி, உள்ளூரின் முதல் ஆட்டத்திலேயே தோள்பட்டை நழுவி வெளியேறினார். அந்த ஆண்டு முழுவதும் அவர் அடித்தது 4 ஹோம் ரன். கிராஃபோர்டு ஆடியது 31 ஆட்டங்கள். அணியின் ஒரே தூணாக நின்றவர் டேவிட் ஓர்டிஸ். ஜூலை 16 அன்று அவர் தளத்தில் நின்றபோது சக வீரர் அட்ரியன் கொன்சாலஸ் ஹோம் ரன் அடித்தார். ஹோம் ரன் என்றால் அவசரமே இல்லை, சாவகாசமாக நடந்தே வீடு வந்து சேரலாம். அந்தச் சாவகாச ஓட்டத்தில் ஓர்டிஸின் குதிகால் தசைநாண் பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் ஒரே ஓர் ஆட்டம் வந்து ஆடினார், அதோடு சரி. கெட்ட காலம் வந்தால் ஹோம் ரன்கூட ஆளைச் சாய்க்கும்.

இவ்வளவுக்கும் ஜூலை நடுவில், ஆல்-ஸ்டார் இடைவேளையில், அணியின் கணக்கு 43 வெற்றி, 43 தோல்வி. சரிபாதி. அப்போது யாரும் அதை வரலாற்றுச் சரிவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பருவத்தை வீழ்த்தியது தொடக்க பிட்சர்கள்தான். லெஸ்டர் பெயரில் 9 வெற்றி, 14 தோல்வி, 9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 4.82. ஜூலை 22 அன்று டொரண்டோவுக்கு எதிராக நான்கே இன்னிங்ஸில் 11 ரன். பெக்கெட் பாஸ்டனில் இருந்தவரை 5 வெற்றி, 11 தோல்வி, சராசரி 5.23. பார்டு 6.22. திரும்பி வந்த மட்சுசாகா 1 வெற்றி, 7 தோல்வி, சராசரி 8.28. இரண்டாவது இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் பின்தங்கிய நிலையில் மட்டை பிடிக்க வருகிறவனுக்கு, மேனேஜர் கண்டிப்பானவரா இளகியவரா என்பதில் என்ன இருக்கிறது?

ஜூலை இறுதியில் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் வீரர்கள் உரிமையாளர்களைச் சந்தித்து வாலன்டைனைப் பற்றிக் குறை கூறினார்கள். அது ஆகஸ்டில் கசிந்தது. அதே ஆகஸ்ட் 13 அன்று ஜானி பெஸ்கி இறந்தார். நாற்பதுகளில் ஆடிய வீரர், பிறகு பயிற்சியாளர், மேனேஜர், வானொலி வர்ணனையாளர் என்று அறுபதாண்டுக்கு மேல் அந்த அணியோடே வாழ்ந்தவர். ஃபென்வேயின் வலது மூலைக் கம்பத்துக்கு ‘பெஸ்கியின் கம்பம்’ என்றே பெயர். அவருடைய இறுதிச் சடங்குக்கு அணியிலிருந்து வந்த வீரர்கள் நான்கு பேர். ஓர்டிஸ், சால்டலமாக்கியா, புக்ஹோல்ஸ், பதியா. முந்தைய இரவு நியூயார்க்கில் ஆடிவிட்டு விடிகாலையில்தான் ஊர் வந்தார்கள் என்று சமாதானம் சொன்னார்கள். நம் ஊரானாலும் பாஸ்டனானாலும், பெரியவர் சாவுக்குப் போகாதவனுக்குச் சமாதானமே கிடையாது. கோழியைவிட இதுதான் அந்த அணியின் மீது எனக்கு இருந்த மிச்ச அனுதாபத்தையும் போக்கியது.

ஆகஸ்ட் 25 அன்று வந்தது பெரிய வியாபாரம். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியை அந்த ஆண்டு 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய புதிய உரிமையாளர்கள், பணத்தை மூட்டையில் வைத்துக்கொண்டு நட்சத்திரங்களைத் தேடினார்கள். பாஸ்டன் அவர்களுக்கு கொன்சாலஸ், பெக்கெட், கிராஃபோர்டு, நிக் புன்டோ ஆகியோரைக் கொடுத்தது. கிராஃபோர்டுக்கு அப்போதுதான் முழங்கையில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு நாள். கட்டுப் போட்ட கையோடு விற்கப்பட்டார். பதிலுக்கு வந்தவர்கள் ஜேம்ஸ் லோனியும் சில இளம் வீரர்களும். வந்தவர்கள் முக்கியமில்லை, போனதுதான் முக்கியம்: 25 கோடி டாலருக்கு மேற்பட்ட எதிர்காலச் சம்பளச் சுமை. விமானத்தில் உட்கார்ந்து சிரித்தபடி எடுத்த படத்தைப் புன்டோ ட்விட்டரில் போட்டார். கொன்சாலஸ் அன்றிரவே லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் முறை மட்டை பிடித்ததும் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார்.

வியாபாரம் நடந்த அன்று அணியின் கணக்கு 60 வெற்றி, 67 தோல்வி. அதே வேகத்தில் போயிருந்தால் 76 அல்லது 77 வெற்றியோடு முடிந்திருக்கும். சுமாரான, மறந்துபோகக்கூடிய ஒரு பருவம். விற்றபின் ஆடிய 35 ஆட்டங்களில் 9 வெற்றி, 26 தோல்வி. கடைசி எட்டு ஆட்டங்களும் தொடர்ந்து தோல்வி. 69-93 என்று இன்று நாம் பேசுகிற அந்த எண்ணில் ஒரு பங்கு, தெரிந்தே அணியைக் கலைத்ததற்குக் கொடுத்த விலை. 1965-க்குப் பிறகு அந்த அணியின் மிக மோசமான கணக்கு அது. கூடவே ஒரு வேடிக்கை: அதே பிரிவில் இருந்த பால்டிமோர் அந்த ஆண்டு 93 வெற்றி, 69 தோல்வி. பாஸ்டனின் கணக்கைக் கண்ணாடியில் பார்த்தது போல.

வாலன்டைன் தன் பங்குக்குச் செப்டம்பரை நிரப்பினார். மனதளவில் அணியை விட்டுப் போய்விட்டீர்களா என்று கேட்ட வானொலி அறிவிப்பாளரிடம், நேரில் இருந்திருந்தால் வாயிலேயே குத்தியிருப்பேன் என்றார், பாதி விளையாட்டாக. பருவத்தின் கடைசி நாட்களில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியைப் படிக்கப்போய்க் கீழே விழுந்தார். செய்தி பெட்ரோயா அனுப்பியது. இதை ஒருவர் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று நான் அடித்திருப்பேன். அக்டோபர் 3 அன்று யாங்கீஸிடம் 14-2 தோல்வி. மறுநாள் வேலை போனது. ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு மீதமிருந்தது.

வாலன்டைன்மீது எல்லாப் பழியையும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தவறான ஆள்தான், ஐயமில்லை. ஓய்வறையில் நம்பிக்கை வாங்கத் தெரியாதவர். ஆனால் லாக்கியின் முழங்கை, எல்ஸ்பரியின் தோள், ஓர்டிஸின் குதிகால் ஆகியவற்றில் எதற்கும் அவர் பொறுப்பில்லை. கிராஃபோர்டின் 14.2 கோடி ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து இல்லை. ஃபிராங்கோனாவே இருந்திருந்தாலும் அந்தப் பிட்சர்களை வைத்துக்கொண்டு பிளே-ஆஃப் போயிருக்க முடியாது என்பதே என் கணிப்பு. ஒரு பத்துத் தோல்வி குறைந்திருக்கலாம், பெஸ்கியின் சாவுக்கு நாலு பேர் கூடுதலாகப் போயிருக்கலாம்.

அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள், கோழி வழக்கு தானாகத் தள்ளுபடியாகும். மேனேஜராக வந்தவர் ஜான் ஃபாரல். 2007 முதல் 2010 வரை இதே அணியின் பிட்சிங் பயிற்சியாளராக இருந்தவர், லெஸ்டரின் கையை அறிந்தவர். டாட்ஜர்ஸ் வாங்கிக்கொண்ட சுமையால் மிச்சமான பணத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வாங்காமல் நேப்போலி, விக்டோரினோ, கோம்ஸ், உஎஹாரா என்று நடுத்தர விலைக்காரர்களாக வாங்கினார்கள். முக்கியமாக, தொடக்க பிட்சர்கள் தேறினார்கள். லெஸ்டர் 15 வெற்றி. புக்ஹோல்ஸ் காயத்தால் நடுவில் மூன்று மாதம் ஆடாமலேயே 12 வெற்றி, ஒரே தோல்வி. அறுவைச் சிகிச்சை முடிந்து லாக்கி திரும்பினார். 2012-இல் 806 ரன் விட்டுக்கொடுத்த அணி 2013-இல் 656 தான் கொடுத்தது. 97 வெற்றி. (2014-இல் மறுபடி கடைசி இடம். அதற்கு யாரும் கோழியைக் காரணம் சொல்லவில்லை.)

2003 மே முதல் ஃபென்வேயில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துவிட்டதாக அணி அறிவித்து வந்தது. 93 தோல்வி கண்ட 2012 முழுவதும் அந்தத் தொடர் முறியவில்லை. முறிந்தது 2013 ஏப்ரல் 10 அன்று, 820 ஆட்டங்களுக்குப் பின், காலி நாற்காலிகளோடு. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் அங்கேயே நடந்தது. 1918-க்குப் பிறகு சொந்த மைதானத்தில் வைத்து பாஸ்டன் கோப்பை வென்றது அன்றுதான். அந்தத் தொடரில் செயின்ட் லூயிஸ் அணியை முதல் ஆட்டத்திலும் ஐந்தாவதிலும் சாய்த்தவர் லெஸ்டர். ஆறாவதில் பந்து வீசி ஏழாவது இன்னிங்ஸில் வெளியே நடந்தபோது மைதானம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது ஜான் லாக்கிக்கு.